அம்மா எதிர்பார்க்கும் காளான் மருந்து

மாதனூர்,
18-11-1984

அன்புள்ள மகள் பூரணிக்கு அப்பா வேதாசலம் எழுதுவது. ஜப்பான் குளிர் உன்னை ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுத இந்தத் தடவை கை வரவில்லையம்மா.

ஆராய்ச்சிக்கூடத்தில் காளானைக் கொதிக்க வைத்து எடுக்கிற சர்க்கரைச் சத்தைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களுக்குக் கொடுத்தோம், இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி செல் கெட்டுப்போவதை அது தடுக்கிறது என்று ஆடி மாதம் எழுதியிருந்தாயே, அதை அம்மா திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். தட்டும் செல்லும் காற்றோடு போய்விட்டது, மகள் மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது. வயிற்றுப் புற்றுக்கட்டியைக் கருக்கக் கரண்ட் வைக்க வேலூர் ஆஸ்பத்திரியில் கூப்பிட்ட அன்றைக்கு பஸ் ஏறவே மாட்டேன் என்றாள். நான் பெத்தது மருந்து அனுப்பும், இன்னாத்துக்கு உடம்பைப் பொசுக்கிக்கணும் என்று என்னிடமே சண்டை. மழை பிடித்ததும் தோல் கம்பெனிக்குப் பின்னால், தோல் ஊறவைத்துக் கழித்துக் கொட்டின ஆவாரம்பட்டைக் குவியலில் காளான் பூத்தது, மருந்து வரும் வரைக்கும் இது ஆகட்டும் என்று பறித்து வந்து வதக்கித் தின்றுவிட்டாள். அந்தக் குவியலில் முளைத்ததை ஆடு மாடுகூட மோந்து பார்க்காது. குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. பக்கத்து வீட்டு அக்தரி பேகம் அழுதுகொண்டே துடைத்துவிட்டது. உன் அம்மாவோ கெட்டதெல்லாம் வெளியே வருது பாரு என்று சிரிக்கிறாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், அப்புறம் வெளியே போய் அழுதேன்.

அது மனுஷருக்கான மருந்தில்லை என்று அம்மாவுக்கு நீயே எழுது, நீ சொன்னால்தான் கேட்பாள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தேன். எழுதியிருப்பாய், இன்னும் வந்து சேரவில்லை. இனி வந்தும் பிரயோஜனமில்லை. வாந்திக்காகத் தூக்கிக்கொண்டு போனபோது டாக்டரம்மா கட்டி ஈரல் வரைக்கும் போய்விட்டது, இனிமேல் கரண்ட் வைத்தும் நிற்காது, பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு இது தெரியாது. தபால்காரர் பெல் கேட்டால் எழுந்து உட்காரப் பார்க்கிறாள். உன் கடிதம் வந்தால் மருந்து தயாராகிவிட்டது என்றுதான் படித்துக் காட்டப் போகிறேன்.

லீவு கேட்டு உடனே புறப்படு. வழியில் அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராமல் தெய்வம் காக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, வெறுங்கையோடு வராதே. அரிசி மாவாக இருந்தாலும் சரி, ஒரு பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து உன் கையால் அவளுக்குக் கொடு.

உன் அப்பா,
வே. வேதாசலம்