வியாழக்கிழமைத் தண்ணீர்

ஆடி 12, செவ்வாய் இரவு.

இன்று என் புரோகிராம் ஓடியது. ஓடாமலே இருந்திருக்கலாம்.

கும்பகோணம் கம்ப்யூட்டர் சென்டரில் சி.ஜி.ஐ. பயிற்சி. பிரவுசரில் எதையாவது தட்டினால் சர்வர் பதில் சொல்ல வேண்டும். சர்வர் என்பதும் அதே கம்ப்யூட்டர்தான். வாய்க்கால் பெயரைத் தட்டினால் ஆற்றிலிருந்து முறைவைத்துத் திறந்துவிடும் தண்ணீர் வரும் கிழமையைச் சொல்லும்படி எழுதினேன். காலையிலிருந்து எர்ரர். சர்வர் அனுப்பும் பதிலில் முதல் வரிக்குக் கீழே ஒரு வெற்று வரி விட மறந்திருக்கிறேன். விட்டதும் திரையில் ‘வியாழக்கிழமை’ என்று வந்தது. சோதித்துப் பார்க்க நானே எழுதி வைத்த கிழமை அது.

கூட்டிப்போக வந்த அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டார்.

“நம்ம வாய்க்காலுக்கு வியாழக்கிழமையா?”

“அது நானா போட்டதுப்பா. சும்மா.”

“மேட்டூர்லேருந்து சேதி வராம கம்ப்யூட்டரு எப்படிம்மா சொல்லும்?”

பஸ்ஸில் வலங்கைமான் வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். என் பேச்சை நம்பாத மனுஷன் என் புரோகிராமை நம்புகிறார். சிரித்துக்கொண்டே வந்தார். ஆற்றில் தண்ணீர் வராத இந்த வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்க்கவே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் விதைநெல்லை ஊறப்போட்டுவிட்டார். பக்கத்து வீட்டுச் சித்தப்பாவிடமும் சொல்ல, அவரும் போட்டுவிட்டார். நாற்றங்காலில் ஈரமே இல்லை. ஊறின நெல் காத்திருக்காது, முளைத்துவிடும்.

சென்டரில் ‘வியாழக்கிழமை’ என்ற அந்த ஒரு வரியை நாளைக்கு அழித்துவிடுவேன். ஒரு நொடி வேலை. அண்டாவிலிருந்து நெல் ஊறுகிற வாசனை இங்கே வரைக்கும் வருகிறது.