காணாமல் போன ஆப்பிள் பை

ஷாலின் அப்பாவுக்கு,

இந்தக் கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் வராததைப் பற்றி எழுதப் போவதில்லை. உங்கள் மகள் செய்ததைச் சொல்லவே எழுதுகிறேன்.

படப்பை மாதா கோயில் விருந்துக்கு, கோயில் சமையற்கட்டிலேயே, மாவுக்குள் ஆப்பிளும் லவங்கப்பட்டையும் வைத்து ஆப்பிள் பை சுட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிவைத்த ஐந்தாவது நிமிடம் தட்டோடு காணோம். ஆப்பிள் சீவ உதவிக்கு வந்திருந்தவள், ஒரகடம் கம்பெனியில் வேலை செய்துகொண்டு நம் வீட்டுக்குப் பக்கத்து அறையில் தங்கியிருக்கும் முத்துச்செல்வி. விருந்துக்கு வந்திருந்த எல்லார் முன்னாலும் 'நீதானே எடுத்தாய்?' என்று அவளைத்தான் கேட்டேன். அழுதுவிட்டாள்.

"அம்மா, அக்கா கையப் பாரு. அவ்ளோ சூடான தட்டத் தூக்கினா வெந்திருக்காதா?" என்றாள் ஷாலின். பன்னிரண்டு வயதுதான்! பிறகு கோயில் மணியடிக்கும் சூசைராஜ் அண்ணன் அருகே போய் நின்றாள். தட்டைச் சுற்றிப் பிடித்த அவர் தோள்துண்டில் லவங்கப்பட்டை வாசம், ஆப்பிள் பாகுக் கறை.

அவர் தலைகுனிந்தார். "வூட்டுக்காரி போனதுலேர்ந்து பசங்க பலகாரமே பாக்கலம்மா. அதான் எடுத்துகினு போய் குடுத்துட்டு வந்துட்டேன்."

"அக்காகிட்ட மன்னிப்பு கேளும்மா" என்றாள் ஷாலின். கேட்டேன்.

"விடுங்கக்கா, இன்னொண்ணு சுடுவோம்" என்றாள் முத்துச்செல்வி. சுட்டோம். சூசைராஜ் பிள்ளைகளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தப்பு என்றால் பெற்றவளையும் நிறுத்திக் கேட்கிறாள். அந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததில்லை. உங்களிடமிருந்தும் இல்லை. அவளாகவே வளர்த்துக்கொண்டது.

பெருமையோடு,
அவள் அம்மா