பூச்சி அரிக்காத செண்டுமல்லி

செவ்வாய். காலையிலிருந்து மழை.

பூமாலை கட்டிக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா என் கடையிலேயே வாந்தி எடுத்துவிட்டார். உதடு வீங்கி, நாக்கு மரத்து, பேச்சு குழறல். கடையை அப்படியே விட்டுவிட்டு லூனாஸ் டவுன் கிளினிக்குக்கு ஓட்டம். என்ன சாப்பிட்டீங்க என்று டாக்டர் கேட்டதற்கு, "கருவாட்டுக் குழம்பு." கருவாடாம்! வாழ்நாள் முழுக்கக் கருவாடு தின்கிறவர், இன்றைக்கா விழுவார்?

நவராத்திரி ஆர்டர் தலைக்கு மேல். கட்ட ஆள் இல்லை.

புதன். வெயில், பிறகு தூறல்.

நூல் கண்டு, ஐஸ் பெட்டி மூடி வாங்கணும். லோரி டயர் பார்க்கணும்.

நானே கட்ட உட்கார்ந்தேன். இரண்டு கை போதவில்லை, நூல் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். பாசார் சந்தையில் பெட்டிமேல் உட்கார்ந்து பூக் கட்டி விற்ற காலத்துப் பழக்கம். கொஞ்ச நேரத்தில் உதடு எரிச்சல், வாயெல்லாம் கசப்பு. சாமிப் பூவை முகரக்கூடாது, முகர்ந்தேன். மருந்து நெடி. திகாம் பத்து ஊரில் செண்டுமல்லி போடும் மாரியப்பன் தோட்டத்துப் பூ.

நேரே அக்கா வீட்டுக்கு.

"அக்கா, நூலைப் பல்லில கடிக்கிறீங்களா?"

"சாமி மாலை தம்பி. எச்சில்னு தெரிஞ்சா ஐயர் விடுவாரா? நீங்கதான் விடுவீங்களா?"

"அதுக்குக் கருவாட்டு மேல பழியா?"

"கருவாடு வந்து சண்டை போடாதுலா."

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. திரும்ப டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய், பூச்சி மருந்து என்று நானே சொன்னேன். டிரிப் ஏற்றினார்கள். முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குத் திட்டு.

வியாழன். திகாம் பத்து. சேறு, செருப்பு போச்சு.

மாரியப்பன் முகத்தில் ஒரு துணிகூட இல்லாமல் மருந்து அடிக்கிறான். பக்கத்துப் பாத்தியில் பெண்சாதி வெறுங்கையோடு பூப் பறிக்கிறாள். டப்பாவை எடுத்துப் படித்தேன்: அடித்த பின் ஏழு நாள் பறிக்கக்கூடாது.

"நீ எப்ப அடிச்சு எப்ப பறிக்கிற?"

"சாயங்காலம் அடிச்சு, காலையில பறிப்பேண்ணே. அது காய்கறிக்குச் சொன்னது. பூவை யாரு திங்கிறா?"

"என் கடையில ஒருத்தவங்க தின்னுட்டாங்கடா."

மருந்துப் பம்பை இறக்கி வைத்தான். பிறகு பிடித்துக்கொண்டான். "ஓட்டை விழுந்த பூன்னு கூடையைத் திருப்பி அனுப்பினது யாரு? பூச்சிகிட்ட நான் போய் கெஞ்சவா?"

நான்தான் அனுப்பினேன். வாக்குவாதத்தில் தோற்பது எனக்குப் பிடிக்காது. தேத்தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

வெள்ளி. புழுக்கம்.

கோயில் ஐயர்: "பூச்சி அரிச்ச பூ சாமிக்கு ஆகாது."

"மருந்து அடிச்சது மட்டும் ஆகுமா சாமி?"

"அது கண்ணுக்குத் தெரியலையே."

இந்த மனிதரோடு என்ன பேசுவது! கடைசியில் என் மூளைதான் வேலை செய்தது. நல்ல பூவைப் பொறுக்கிக் கோயிலுக்கு. ஓட்டைப் பூ ஆயுத பூஜைக்கு, கார், லோரி, பட்டறை மெஷினுக்கு. லோரி ஓட்டையைப் பார்த்து முகம் சுளிக்காது.

சனி. மழை இல்லை.

அக்கா வந்துவிட்டார். வீக்கம் வடிந்திருக்கிறது. நூல் மாட்ட மேசையில் இரும்புக் கொக்கி அடித்துக் கொடுத்தேன். இழுத்துப் பார்த்தார்.

"இந்தக் கொக்கி இத்தனை வருசமா எங்க இருந்துச்சு தம்பி?"

டயரைப் பார்க்கப் போனேன்.

மாரியப்பனோடு போனில் பேசி முடித்தது: மருந்து அடித்தால் ஏழு நாள் பூப் பறிக்கக்கூடாது, யாரும் பாத்தியில் இறங்கக்கூடாது. முகமூடி, கையுறை என் செலவு. நெடி வந்தால் அந்தக் கூடைப் பூவை அவனே என் கடையில் உட்கார்ந்து, நூலைப் பல்லில் கடித்துக் கட்டவேண்டும். பழைய விலை எட்டு வெள்ளி இனி இல்லை. ஓட்டைப் பூவும் சேர்த்து, திருப்பி அனுப்பாமல், கிலோ ஒன்பது வெள்ளி.