இறக்கைக்குப் போட்ட தையல்

பிளேஸ்டோ, லண்டன்
யூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுத இருபதாம் திகதி தாண்ட வேண்டும். எனக்கு இடுப்பு வலி, கண் எரிச்சல், தீராத அலுப்பு. வயது ஐம்பத்திரண்டு, பஸ்ஸில் கிழவிகள் எழும்பி எனக்கு இடம் தருகிறார்கள்.

உங்கள் பெறாமகன், என் பிள்ளை டெனுசனுக்கு விமானம் திருத்துகிற வேலை போதவில்லை. கூட்டாளிகளோடு சேர்ந்து, முதலாம் உலகப் போர்க்காலத்துச் சண்டை விமானம் ஒன்றை அதே மாதிரி கட்டியிருக்கிறான். மரச்சட்டம், துணி இறக்கை. எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய், அக்கா. அம்மா நமக்குப் பேதிக்குத் தந்த அதே சாமான். அது முகத்தில் தெறித்து, அந்தக் காலத்துப் பைலட்மாருக்கு வானத்திலேயே வயிற்றால் போகுமாம். பரசூட்டும் கொடுக்கவில்லையாம். பழகும்போதே விழுந்து செத்த பொடியன்கள் ஏராளமாம். இவ்வளவையும் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறான். முதலில் ஓட்டப்போவதும் அவன்தான்.

இறக்கைத் துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைக்க ஆள் தேடினார்கள். கோயில் தலைவரின் மனைவி மாதத்துக்கு ஒரு அங்குலம் பெருக்கிறா. அவவுக்கே சாறிச் சட்டை தைக்கிற எனக்கு இறக்கை என்ன பெரிசு என்று இளித்துக்கொண்டு போனேன்.

செய்த களவையும் எழுதிவிடுகிறேன். தைத்ததை, வீட்டுக்கு வெளிக்கிடும்போது அங்கங்கே பிரித்துவிட்டு வந்தேன். இறக்கையைப் பார்க்க வந்த பரிசோதகர் சரிவராது என்றார். ஓட்டம் இரண்டு தரம் தள்ளிப்போனது. மூன்றாம் தரம், பிரித்த நூலை என் கைப்பையில் டெனுசன் கண்டுவிட்டான். கத்துவான் என்று பார்த்தேன். “நீங்கள் தைக்காட்டி வேற ஆரும் தைப்பினம் அம்மா. எனக்கு உங்கட கைதான் வேணும்” என்றான். கத்தியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தைத்து முடித்தேன். கேட்டதைவிட நெருக்கமாக, முடிச்செல்லாம் இரட்டையாக. பரிசோதகர் தடவிப் பார்த்து, இப்படி ஒரு தையலைத் தான் கண்டதில்லை என்றார். பிரித்ததும் அதே கை என்று அவருக்குத் தெரியாது.

இருபதாம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு முதல் ஓட்டம். உங்களுக்குப் பின்னேரம் இரண்டரை. குண்டு போட வந்த பொம்மரைப் பார்க்கவென்று தம்பி பங்கருக்கு வெளியே வந்து அண்ணாந்தானே, அதற்குப் பிறகு நாமிருவரும் வானத்தைப் பார்ப்பதில்லை. நான் லண்டனுக்கு வந்ததே கண்ணை மூடிக்கொண்டுதான்.

ஒரு உபகாரம், அக்கா. அந்த நேரத்துக்கு முற்றத்தில் இறங்கி மேலே பாருங்கோ. அங்கே ஒன்றும் தெரியாதுதான். இங்கே நான் பார்க்க வேண்டும். தனியே ஏலாது.

உங்கள் தங்கை,
மலர்