மூச்சைப் பிடிங்க

மார்ச் 4
பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தபோது மறுபடி அதே வலி. வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகில் போய் நின்றது. கல் என்று பித்தப்பையைப் போன வருஷமே எடுத்துப் போட்டாயிற்றே! இல்லாத உறுப்பு எப்படி வலிக்கும்? வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 6
சொல்லவே தேவையில்லாமல் போயிற்று. காலையில் என்னைப் பார்த்ததும் மனைவி ஜன்னல் பக்கம் இழுத்துப் போனாள். "கண்ணு ஏங்க இப்படி மஞ்சளா இருக்கு?"

அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கணையத்தில் கட்டி என்று கண்டுபிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கே மனைவி டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

மார்ச் 7
வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். பித்தக்குழாய் வீங்கியிருக்கிறதாம். எது அடைக்கிறது என்று தெரியவில்லையாம், குடலில் இருக்கும் காற்று மறைக்கிறதாம்.

"பைதான் போச்சே டாக்டர், கல்லு எங்கேருந்து வரும்?" மனைவி கேட்டாள்.

"பை போனாலும் குழாய் இருக்கேம்மா. ஆபரேஷனுக்கு முன்னாடியே ஒண்ணு நழுவி அங்க போய் உக்காந்திருக்கலாம். புதுசாவும் உருவாகலாம்."

"கல்லு இல்லேன்னா?" இது நான்.

"எம்ஆர்ஐ எடுத்துப் பாத்துட்டுப் பேசுவோம்."

ஏன் அந்த மனுஷன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்?

மார்ச் 8
பயமா இருக்கு. வேற என்னத்த எழுத?

மார்ச் 9
கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பட்டதுண்டா என்று கேட்டாள் ஸ்கேன் எடுக்கும் பெண். லேத் வேலைக்காரனிடம் கேட்கிற கேள்வியா! உள்ளே தூள் தங்கியிருந்தால் காந்தம் இழுத்துக் கண் போய்விடுமாம். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. நல்லவேளை, ஒன்றுமில்லை.

பிறகு குகை மாதிரி இருந்த எம்ஆர்ஐ மெஷினுக்குள் தள்ளினார்கள். மூக்குக்கு மேலேயே கூரை. தடதடவென்று சத்தம். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்கிறாள். பிடிக்க மூச்சு எங்கே இருக்கிறது? முடியாவிட்டால் அழுத்தச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டேன். வெளியே இழுத்தார்கள். முடியாதும்மா, என்னால முடியவே முடியாது, விட்டுடுங்க — சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

மனைவியிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, தோடு, வளையல் எல்லாம் கழற்றச் சொல்லி உள்ளே விட்டார்கள். என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆடாதீங்க. ஆடினா கிள்ளிடுவேன்."

ஆடவில்லை.

மார்ச் 10
கல்! கல்லேதான்! திரையில் குழாய் வெள்ளையாகத் தெரிகிறது. அதன் அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. கட்டி கிட்டி எதுவும் இல்லை. கல் இருக்கிறது என்றதும் இப்படிச் சிரித்த ஆளைப் பார்த்ததே இல்லை என்றார் டாக்டர். நாளைக்கு வாய் வழியாகக் குழாய் விட்டு எடுப்பார்களாம். அதில் கணையம் வீங்கிப்போகவும் வாய்ப்புண்டாம். சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

மார்ச் 11
எடுத்தாச்சு. தொண்டை எரிகிறது.

மார்ச் 19
என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் பைக்கை மச்சினனுக்கு இரவல் கொடுத்திருக்கிறாள் மனைவி. கத்தினேன். அவளும் விடவில்லை. திடீரென்று பாதியில் நிறுத்திவிட்டு சமையலறைக்குள் போய்விட்டாள். இன்னும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று பின்னாலேயே போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"கத்துங்க," என்றாள். "நிறுத்தாதீங்க. இந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு."