கீபோர்டுக்கு வைத்த பொட்டு

என்னங்க,

சோழவந்தானுக்கு அம்மாவைப் பார்க்கப் போகிறேன். புளிக்குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது, அப்பளம் மட்டும் பொரித்துக்கொள்ளுங்கள்.

கோரிப்பாளையம் காதர் பாய் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைச் சரிபார்க்க நம் கடைக்கு வருவார். கீபோர்டில் சிவப்புப் பொட்டு ஒட்டிய கீயைத் தட்டினால் டிசைன் சாஃப்ட்வேர் திறக்கும். பச்சைப் பொட்டு போட்டோவுக்கு, மஞ்சள் பிரிண்டுக்கு. எல்லாம் நானே செட் செய்தது.

ஆமாம், மறுபடியும் ஒட்டிவிட்டேன். நேற்று உங்கள் தம்பி முன்னால், "கம்ப்யூட்டருக்குப் பொட்டு வச்சுக் கெடுத்துப்புட்டா"ன்னு சுரண்டி எறிந்தீர்களே, என்ன கெட்டது? வந்தவரை உட்கார வைத்துவிட்டு மவுஸை உருட்டித் தேடுவது நீங்கள்தான், நான் இல்லை. இன்றைக்கும் சுரண்டினால் நாளைக்கும் ஒட்டுவேன்.

முத்துமீனா

பி.கு.: கடைச் சாவி பக்கத்து வீட்டு விஜயம் அக்காவிடம்.

இன்னொன்று: அட்டையில் மிச்சமிருந்த பொட்டெல்லாம் கீபோர்டுக்கே சரியாகிவிட்டது. குங்குமமும் வைக்கவில்லை, வெறும் நெற்றியோடுதான் பஸ் ஏறுகிறேன். "பொட்டு எங்கடி?"ன்னு அம்மா பதறும். "உங்க மருமகன்தான் சுரண்டிப்புட்டாரு"ன்னு சொல்வேன். போன் வரும், எடுத்துப் பேசுங்கள்.