கீத் கொண்டுவரும் தம்ப் டிரைவ்

புக்கிட் பாத்தோக்

அன்பு மகள் அனிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் சாப்பிடுகிறேன், நடக்கிறேன். அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன்.

நேற்று ஒரு வரிதான் அனுப்பினேன், கீத் கொண்டுவரும் தம்ப் டிரைவைச் செருகாதே என்று. ஏம்ப்பா என்று கேட்டாய். போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அதில் இருப்பது அம்மாவின் குரல். ஈஸ்டருக்கு முன் சர்ச் பாடகர் குழுவின் பயிற்சியில் பாடியது. அதன்பின் அவள் பாடவில்லை. குழுவுக்கு ஒரே டிரைவ், பாட்டைக் கேட்டுப் பழக வீடு வீடாகப் போய்வரும், உனக்குத் தெரியும். எந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் அதில் வைரஸ் ஒட்டியதோ. அம்மாவின் அடக்கம் முடிந்த வாரம் அது நம் வீட்டுக்கு வந்தது. உனக்காக இன்னொரு டிரைவில் நகல் எடுத்து, உன் அத்தை மகன் கீத் அங்கே அடிலெய்டுக்குப் புறப்பட்டபோது கையில் கொடுத்தேன். நான் பாட்டைக் கேட்கவில்லை. தைரியம் வரவில்லை. ஒருநாள் மனசைத் தேற்றிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லா ஃபோல்டரிலும் சின்ன அம்புக்குறி. அழுத்தினால் உள்ளே ஒன்றும் இல்லை.

லிட்டில் இந்தியாவில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஃபாரூக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிள், கண்ட டிரைவையும் செருகினா இப்படித்தான் லா, சளி பிடிச்ச பிள்ளையக் கொஞ்சின மாதிரி என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நாற்காலி போட்டார். மற்றதெல்லாம் மீண்டது. அந்தப் பாட்டு மட்டும் திறக்கவில்லை. குழுவின் டிரைவையோ, வைரஸ் என்று கேட்டதும் அதை வைத்திருக்கும் அருள்ஜோதி பயந்துபோய் முழுக்க அழித்துவிட்டாள். ஐயோ அண்ணே, அக்கா குரலையா அழிச்சேன் என்று சர்ச் வாசலிலேயே அழுதாள். அவளை ஒன்றும் சொல்லாதே.

ஆகவே மிச்சம் உன்னிடம் வருவதுதான். வைரஸும் இருக்கும், பாட்டும் இருக்கலாம் என்கிறார் ஃபாரூக். ஆபீஸ் கம்ப்யூட்டரில் செருகாதே, உன்னுடையதிலும் வேண்டாம். தெரிந்த ஆளிடம் கொடு. முதலில் ஸ்கேன் செய்து, அம்புக்குறி உள்ள எதையும் திறக்காமல், பாட்டை மட்டும் எடுக்கச் சொல். ஃபார்மட் செய்து எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். உரக்கச் சொல். அவசரப்படாதே கண்ணு. எனக்கும் அவசரம்தான்.

ஆண்டவர் உன்னைத் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். ஞாயிறு பூசையை விடாதே. ஒன்று மறந்துவிடாதே, பாட்டு முடிந்த பிறகும் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்ததாம். அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் என்னைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாளாம். கிடைத்தால் அந்த இடத்தை வெட்டாமல் அனுப்பு.

உன் அப்பா
இயேசுதாசன்